கடிக்காத ஷூ

அத்தியாயம் 14

புது ஷூவை மாட்டிக்கொண்டு நேரே தீம் பார்க்கில் வந்து நிற்காதீர்கள் என்று கெண்ட்ரா ஒரு மாதமாகத் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள். காலையில் கேட் திறக்கும்போது உள்ளே நுழைந்தால், இருட்டிய பிறகு வாணவேடிக்கை முடியும்வரை நடை, நடை, நடைதான். இப்போதே வாங்கி வீட்டுக்குள் போட்டுப் பழக்குங்கள், இல்லையென்றால் இரண்டாம் நாளே குதிகால் கிழிந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுவீர்கள் என்று போனில் பாடம் நடத்தினாள்.

டோரீன் மகள் சொல்லைத் தட்டாதவள். சாம்பல் நிறத்தில் ஒரு ஜோடி வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே சமைத்தாள், துணி மடித்தாள், டி.வி. பார்த்தாள். ஒருநாள் அப்படியே தூங்கியும் போனாள்.

அவள் புருஷன் ராய்ஸ்? நாளை விடியுமுன் வேன் கிளம்ப வேண்டும். இன்று வெள்ளிக்கிழமை காலைவரை அந்த மனிதரின் காலில் அதே பழைய பனிக்கால பூட்ஸ்தான் இருந்தது.

நவம்பரில், நன்றி நாள் விருந்தில், அப்பாவுக்கும் மகளுக்கும் மூண்ட சண்டை உங்களுக்கு மறந்திருக்காது. வான்கோழியை வெட்டிக்கொண்டே, "உன் வாய்க்கு உன் புருஷன் ஓடாம என்ன பண்ணுவான்" என்று ராய்ஸ் கேட்டுவிட்டார். கெண்ட்ரா மகள் ஜோசியை இழுத்துக்கொண்டு வெளியேறியவள்தான், கிறிஸ்துமஸுக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாத அந்த நாட்களில் நடுவே தூது போனவள் எட்டு வயது ஜோசி. ஏனென்றால் அவள் பள்ளிக்கூடம் போய் வருவது தாத்தா ஓட்டும் மஞ்சள் பஸ்ஸில்.

கடைசியில் கெண்ட்ராவே இறங்கி வந்தாள். "ஸ்பிரிங் லீவுக்கு எல்லாரும் சேர்ந்து ஃப்ளோரிடா போலாம்ப்பா. நீயே வண்டி ஓட்டு" என்றாள்.

நீயே வண்டி ஓட்டு என்று இந்த வீட்டில் ஒருவர் சொன்னால், பழசை எல்லாம் மன்னித்தாயிற்று என்று பொருள். தங்கள் ஊர் டேட்டனிலிருந்து ஃப்ளோரிடாவரை ஸ்டியரிங்கை இன்னொருத்தர் கையில் கொடுக்காமல், அட்லாண்டா நெரிசலுக்கு முன்னால் அந்த ஊரைத் தாண்டி, ஒரே மூச்சில் ஓட்டிப் போவது ராய்ஸுக்கு ஒரு வைராக்கியம். மற்றவர்கள் பாத்ரூம் போக வேண்டுமென்றால் பெட்ரோல் தீரும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். மகள் அந்த மரியாதையைத் திருப்பிக் கொடுத்ததில் மனுஷர் அன்றிலிருந்தே சீட்டியடித்துக்கொண்டு திரிந்தார்.

டோரீன் அவரை மடக்கியது பஸ் டிப்போ வாசலில். காலை டிரிப் முடிந்துவிட்டது. மத்தியான டிரிப்புக்கு இரண்டு மணிக்குள் திரும்ப வேண்டும். இடைப்பட்ட நேரத்தில்தான் அவர் பிடிபடுவார் என்பது அவளுக்குத் தெரியும்.

"ஏறு வண்டியில."

"எங்கே?"

"ஷூ கடைக்கு."

"எனக்குத்தான் பூட்ஸ் இருக்கே."

"இந்தப் பூட்ஸோட ஃப்ளோரிடா வெயில்ல நடந்தேன்னு வெச்சுக்கோ, வர்ற நாத்தத்துல பொம்மை வேஷம் போட்டவனெல்லாம் தலையைக் கழட்டி வீசிட்டு ஓடுவான். ஏறுய்யா."

சிரித்துக்கொண்டுதான் ஏறினார். வேனை அவரே ஓட்டினார். சிக்னலில் கொஞ்சம் வேகமாகவே பிரேக் போட்டார். டோரீன் டாஷ்போர்டில் கையை ஊன்றிக்கொண்டு, வழக்கம்போல் கவலைப்பட்டாள். அவளுக்குக் கவலைப்பட ஒரு விஷயம் கிடைக்காத நாள் கிடையாது. வழியில் அப்பாவும் மகளும் மறுபடி முட்டிக்கொண்டால்? ஜோசிக்கு ராட்டினத்தில் வாந்தி வந்தால்? ராய்ஸின் சுகர் மாத்திரையைச் சூட்கேஸில் வைத்தோமா, கைப்பையில் வைத்தோமா?

ஷூ கடைக்காரி வோண்டா, சர்ச்சில் அவர்களுக்குப் பின் வரிசை. வாய் ஓயாதவள்.

"தீம் பார்க்கா? அப்படின்னா அழகைப் பாக்காதே, அகலத்தைப் பாரு. வெயில்ல நடந்தா பாதம் உப்பி பன்னு மாதிரி ஆயிடும். முன்னாடி ஒரு கட்டைவிரல் இடம் விட்டே ஆகணும். பருத்தி சாக்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம், வேர்வையைக் குடிச்சுக் குடிச்சுக் கொப்புளம் போட்டுடும். நான் போன தடவை போனப்போ, என் மச்சினி ஒரு செருப்பை மாட்டிட்டு வந்தா பாரு..."

மச்சினி கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுப் பலகை வந்தது.

"சாக்ஸைக் கழட்டு ராய்ஸ்."

"உன் முன்னாடியா? ஞாயித்துக்கிழமை நீ எப்படி என் பின்னாடி உக்காந்து பாட்டுப் பாடுவே?" என்று அவர் சாக்ஸோடு பாதத்தைப் பலகையில் வைத்தார். வோண்டா கெக்கெக்கே என்று சிரித்தாள்.

முதலில் நீல நிறத்தில் ஒரு ஜோடி. எழுந்து நாலடி நடந்தார்.

"நல்லா இருக்கு. எடுத்துக்கலாம்."

"அவசரப்படாதே" என்றாள் டோரீன். "இன்னொண்ணு போட்டுப் பாரு."

இரண்டாவதும் நன்றாக இருந்தது. மூன்றாவது கொஞ்சம் ஒடுக்கமானது என்று வோண்டாவே எச்சரித்துத்தான் கொடுத்தாள். அதுவும் ஜோராக இருந்தது.

"எல்லாமே எப்படிய்யா நல்லா இருக்கும்? மூணாவது இறுக்கிப் பிடிக்கலையா உனக்கு?"

"ஷூன்னா ஷூதானே டோரீன். பேசாம ஒண்ணைக் கட்டிக் குடுக்கச் சொல்லு."

வீட்டில் முட்டை ஒரு நிமிஷம் கூடுதலாக வெந்தால் தட்டைத் தள்ளிவைக்கிற மனிதர் இவர். போர்வையின் தையல் உறுத்துகிறது என்று பாதித் தூக்கத்தில் எழுந்து உட்காருகிறவர். டோரீனுக்கு என்னவோ போல் இருந்தது. அவசரத்தில் சொல்கிறார் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

நாலாவது ஜோடி தடித்த சோல் வைத்தது. மேலே வலைத்துணி, காற்றுப் போகும், மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காயும். வோண்டா பெட்டியைத் திறந்து வலது ஷூவுக்குள் இருந்த காகிதத்தை உருவிப் போட்டாள். அதற்குள் கல்லாப் பக்கம் போன் அடித்தது. ஓடினாள். ராய்ஸ் இரண்டையும் தானே மாட்டிக்கொண்டு கயிற்றை இழுத்துக் கட்டினார்.

இந்தத் தடவை கடையின் அந்தக் கோடிவரை போனார். வந்தார். சரிவுப் பலகையில் ஏறி இறங்கினார். டோரீனுக்கு வேடிக்கை காட்ட ஒரு சின்னக் குதிகூடப் போட்டார்.

"இதான். பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு."

"உக்காரு. விரலுக்கு முன்னாடி இடம் இருக்கான்னு பாக்கறேன்."

டோரீன் மண்டியிட்டு, வலது ஷூவின் நுனியை அமுக்கினாள். சரியாக ஒரு கட்டைவிரல் இடம். இடது நுனியை அமுக்கினாள். கல் போல் இருந்தது.

"விரல் முட்டுதா?"

"இல்லையே. தாராளமா இருக்கு."

"கழட்டு."

கழட்டி உள்ளே கையை விட்டாள். விரல்களில் என்னவோ தட்டுப்பட்டது. இழுத்தாள். எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருட்டி வைத்திருந்த காகிதப் பந்து, ஒரு பக்கம் தட்டையாக நசுங்கி வெளியே வந்தது. அவர் விரல்களின் அச்சு அதில் பதிந்திருந்தது.

போனை வைத்துவிட்டு வந்த வோண்டா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ, என் புத்தியைச் செருப்பால அடி! இடதுல எடுக்க மறந்துட்டேனா? ஏன் ராய்ஸ், இவ்ளோ பெரிய உருண்டையை வெச்சுக்கிட்டா குதிச்சே?"

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் ராய்ஸ்தான்.

டோரீன் சிரிக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் அவர் தபால் பெட்டிவரை பனியில் நடந்து போய், ஒரு காலில் மட்டும் செருப்போடு திரும்பி வந்தாரே, நினைவிருக்கிறதா? மற்றது வாசற்படியிலேயே கிடந்தது. அன்றைக்கு ஜோசி விழுந்து விழுந்து சிரித்தாள், டோரீனும் சிரித்தாள், நீங்களும் சிரித்திருப்பீர்கள். இப்போது அதை நினைத்ததும் அவள் வோண்டாவின் பக்கம் திரும்பினாள்.

"வோண்டா, இதுலயே இன்னும் அகலமா ஒண்ணு இருந்தா பின்னாடி தேடிப் பாரேன்" என்று அவளை அனுப்பினாள். பிறகு, "சாக்ஸைக் கழட்டு" என்றாள்.

"நேரமாகுது டோரீன்."

"கழட்டுன்னா கழட்டு."

குரலில் என்ன இருந்ததோ, கழட்டினார். புண் இல்லை, வீக்கம் இல்லை. சுத்தமான பாதம். அதைப் பார்த்து அவளுக்கு நிம்மதி வரவில்லை.

"கண்ணை மூடு. எந்த விரலைத் தொடறேன்னு சொல்லு."

"இதென்ன விளையாட்டு, குழந்தை மாதிரி..."

"மூடுய்யா."

மூடினார். டோரீன் கட்டைவிரலைப் பிடித்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நகத்தால் அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். தோல் வெளுத்தது. அவர் முகம் அப்படியே, மூடிய கண்ணோடு, பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது.

"தொடு டோரீன். டிப்போவுக்குப் போகணும் எனக்கு."

"தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், ராய்ஸ்."

அவர் கண்ணைத் திறந்து, அவள் நகம் புதைந்திருந்த தன் விரலைப் பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு சாக்ஸை எடுத்து அவசர அவசரமாக மாட்ட ஆரம்பித்தார்.

"எப்பலேருந்து?"

"மெதுவாப் பேசு. வோண்டா காதுல விழுந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள ஊரே ஜெபம் பண்ணும்."

"எப்பலேருந்துன்னு கேக்கறேன்."

"இலை உதிர ஆரம்பிச்சப்போலேருந்து. முதல்ல ரெண்டு கால்லயும் ஊசி குத்தற மாதிரி இருந்துச்சு. ராத்திரியெல்லாம் குத்தும். அப்புறம் அது நின்னுபோச்சு." சாக்ஸை இழுத்துவிட்டார். "நின்னதும் சரியாயிடுச்சுன்னு நினைச்சேன். சந்தோஷமாக்கூட இருந்துச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, எதுவுமே தெரியலைன்னு."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னா? பஸ்ஸை என்கிட்டேருந்து பிடுங்கிடுவான்."

அதுவரை டோரீன் பயந்தது கால் ஒன்றுக்காக மட்டும்தான். பார்க்கில் கொப்புளம் வந்தால்கூட இவருக்குத் தெரியாதே, சுகர்காரக் காலாச்சே, அழுகிப் போனால் வெட்டிவிடுவார்களே என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. பஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் அந்தப் பயத்தை இன்னொரு பயம் விழுங்கியது. இன்று காலை இவர் பஸ் ஓட்டினார். நேற்றும் ஓட்டினார். இலையுதிர் காலத்திலிருந்து பள்ளிக்கூடம் நடந்த ஒவ்வொரு நாளும் ஓட்டியிருக்கிறார்.

அகலமான ஜோடியோடு வோண்டா வந்தாள். எது என்ன என்று பார்க்காமலே வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். வேன் அருகில் வந்ததும் டோரீன் கையை நீட்டினாள்.

"சாவி."

"டோரீன்..."

"சாவியைக் குடு."

கொடுத்தார். ஓட்டுநர் இருக்கையில் அவள் உட்கார்ந்தாள், ஆனால் வண்டியைக் கிளப்பவில்லை. கடை வாசலில் ஒதுக்கித் தள்ளிய பழைய பனி கருப்பாக உருகிக்கொண்டிருந்தது.  சாவியைத் துளையில் விட்டுப் பாதி திருப்பியதோடு நிறுத்திவிட்டாள்.

"இன்னைக்கு ஒரு நாள் விட்டுடு" என்றார் ராய்ஸ். "லீவு விடற நாள். பசங்க கத்திக்கிட்டு ஏறுவாங்க. ஜோசி எனக்குப் பின்னாடி முதல் சீட்டைப் பிடிச்சு வெச்சிருப்பா."

"நானும் அதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன். ஜோசி முதல் சீட்டுல இருப்பா."

"இத்தனை வருஷத்துல ஒரு கீறல் உண்டா? பெடல் எங்கே இருக்குன்னு முழங்காலுக்குத் தெரியும். பாதம் எதுக்கு?"

"ஒரு தடவைகூடத் தப்பலையா? என் மேல சத்தியமாச் சொல்லு."

 டோரீன் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதருக்கு அவளிடம் பொய் சொல்லத் தெரியாது. மறைக்கத்தான் தெரியும்.

"ஜனவரியில" என்றார் கடைசியில். "ரயில்வே கேட்டுக்கிட்ட. ஸ்கூல் பஸ்னா அங்கே நிறுத்தி, கதவைத் திறந்து, ரயில் சத்தம் வருதான்னு கேக்கணும் இல்லையா? காலை வெச்சேன். பிரேக் ஓரத்துல வெச்சிருக்கேன் போல. வழுக்கிடுச்சு. வண்டி நின்னப்போ முன் சக்கரம் தண்டவாளத்துமேல."

"கடவுளே!"

"ரயில் வரலை டோரீன். பனி வழுக்கிடுச்சு பசங்களான்னு சொன்னேன். எல்லாரும் கைதட்டினாங்க. இன்னொரு தடவை தாத்தான்னு ஜோசி கேட்டா."

டோரீன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா, அலறலா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து வேனின் ஸ்பீக்கரில் போன் அடித்தது. கெண்ட்ரா.

எடுக்காமல் விட்டால் எடுக்கும்வரை அடிப்பாள். டோரீன் பொத்தானை அழுத்தினாள்.

"அம்மா! ஷூ வாங்கியாச்சா? அப்பா இருக்காரா பக்கத்துல? அப்பா, நடந்து பாத்தியா? கடிக்குதா?"

ராய்ஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கடிக்கலைம்மா. ஒண்ணுமே கடிக்கலை."

"அப்பாடா! இன்னைக்குச் சாயங்காலம் முழுக்கப் போட்டுக்கிட்டே நட, ஒளிச்சு வெச்சுடாதே. நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்னு நீ சொல்லு, நானும் ஜோசியும் பெட்டியோட ரெடியா நிப்போம்." ஒரு கணம் நிறுத்தினாள். குரல் இறங்கியது. "அப்பா, பேசாம இருந்தோமே, அந்த நாளெல்லாம்... உன்மேல எவ்வளவு கோவம் இருந்தாலும், ஜோசி உன் பஸ்லதான் போறாங்கற நினைப்புலதான் எனக்கு ஆபீஸ்ல வேலையே ஓடுச்சு. அதைச் சொல்லணும்னு இருந்தேன். சரி, வெக்கறேன்."

 எத்தனையோ வருஷமாக இந்தக் குடும்பத்தில் ஒருவருக்கொருவர் சொல்லாத வார்த்தை அது. வேறு எந்த நாளில் கேட்டிருந்தாலும் டோரீன் ஆனந்தத்தில் அழுதிருப்பாள்.

"போனைக் குடு" என்றார் ராய்ஸ். "நானே டிப்போவுக்குச் சொல்லிடறேன்."

டோரீனுக்கு உயிர் வந்தது. என்ன இருந்தாலும் நல்ல மனுஷன், புரிந்துகொண்டார் என்று அவர் தோளைத் தொட்டாள். டிப்போவில் வண்டிகளை அனுப்பும் மேவிஸ் எடுத்தாள்.

"மேவிஸ், ராய்ஸ் பேசறேன். மத்தியான டிரிப்புக்கு வர முடியாது. வயிறு சரியில்லை. காலையிலேருந்து ஒரே கலக்கல்."

டோரீனின் கை தோளிலிருந்து இறங்கியது.

"நாளைக்கு ஊருக்குப் போறப்பவா? என்னத்தைத் தின்னு தொலைச்சே?" என்று மேவிஸின் குரல் சிரித்தது. "போ, போய்ப் படு. வேற ஆளை அனுப்பறேன். லீவு முடிஞ்சு வா, உன் பஸ் எங்கேயும் ஓடிடாது."

போனை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு ராய்ஸ் பெருமூச்சு விட்டார். "ஆச்சா? திருப்தியா? இன்னைக்கு ஓட்டலை. நாளைக்கும் வேணும்னா நீயே ஓட்டு, முதுகு பிடிச்சுக்கிச்சுன்னு கெண்ட்ராகிட்ட சொல்லிக்கலாம். பார்க்குல தினமும் நீயே என் காலைப் பாரு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"லீவு முடிஞ்சு?"

"பாத்துக்கலாம். இந்தத் தடிச்ச பூட்ஸ்தான் காரணமோ என்னவோ. மெல்லிசான சோல் வெச்சு ஒரு ஷூ போட்டா பெடல் கொஞ்சம் தெரியும்னு தோணுது. வோண்டாகிட்டயே கேக்கலாம்." அவள் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தார். "கெண்ட்ராவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் டோரீன். தெரிஞ்சா இந்த ஜென்மத்துல என் முகத்துல முழிக்கமாட்டா. நீ கேட்டே இல்ல, அவ என்ன சொன்னான்னு?"

டோரீனும் கேட்டாள். கேட்டது இன்னும் காதுக்குள்ளேயே இருந்தது. இந்த மனிதரை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது. பஸ் போனால் அவர் காலையில் எதற்கு எழுந்திருப்பார் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. மகள் திரும்பி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பெட்டியெல்லாம் கட்டியாயிற்று. எல்லோருக்கும் ஒரே மாதிரி சட்டைகூட அச்சடித்து வந்துவிட்டது.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். போனை எடுத்தாள். கடைசியாகப் பேசிய எண்ணையே மறுபடி அழுத்தினாள்.

"யாருக்கு?" என்றார் ராய்ஸ். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "டோரீன். வேண்டாம். டோரீன்!"

"என்ன ராய்ஸ், மறுபடியும்?" என்றாள் மேவிஸ்.

"ராய்ஸ் இல்லை மேவிஸ், நான் டோரீன்."  ராய்ஸ் போனுக்காகக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். "அவரு வயித்துக்கு ஒண்ணும் இல்லை. நீ கொஞ்சம் உக்காந்து கேளு."